ரத்னவேலுவுக்கு விழுந்த மாலை

பந்தயத்தில் தோற்ற நாயை, அதை வளர்த்தவனே அடித்துக் கொல்கிறான். நாய் செய்த குற்றம் பின்தங்கியது மட்டும்தான். தன் பெயரில் ஓடும் எதுவும் தோற்கக் கூடாது, தோற்றால் உயிரோடு இருக்கக் கூடாது என்பது அவன் நியாயம். 2023 ஜூன் 29 அன்று திரைக்கு வந்த ‘மாமன்னன்’ படத்தில், ரத்னவேலு எப்படிப்பட்டவன் என்பதை இயக்குநர் மாரி செல்வராஜ் இந்த ஒரு செயலிலேயே சொல்லிவிடுகிறார்.

கோம்பைக்காரர்களுக்கு இந்தக் காட்சி கூடுதலாக வலிக்கும். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியின் பெயரை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டதே நாயால்தான். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி, காட்டுப்பன்றியை மறித்து நிற்கும் நெஞ்சுரம். கோம்பை நாய் என்றால் காவல், விசுவாசம். நாயை அப்படி வளர்த்த மண்ணில், தோற்ற நாயைக் கொல்பவன்மேல் வரும் கோபம் படம் முடிகிறவரை தணியக் கூடாது.

ஆனால் தமிழ்நாட்டில் நடந்தது வேறு. ஜூலை 27 அன்று படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அடுத்த சில நாட்களில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலுவின் துண்டுக் காட்சிகள் ரீல்ஸாகவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் கிளம்பின. நடை, பார்வை, மீசை, வேட்டி. பின்னணியில் சாதிப் பெருமைப் பாட்டு. அவனுடைய சாதி இன்னது என்று படம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது வசதியாகப் போயிற்று. ஒரு சாதியைச் சேர்ந்த இளைஞர்கள் ஒரு பாட்டைப் போட்டு எங்களவன் என்றார்கள். இன்னொரு சாதி இளைஞர்கள் வேறு பாட்டைப் போட்டு அவனைத் தமதாக்கிக்கொண்டார்கள். சாதி வெறியைக் காட்டுவதற்காகவே எழுதப்பட்ட வில்லன், சில நாட்களுக்குள் பல சாதிகளுக்கும் பொதுவான நாயகனாகிவிட்டான்.

ஒருவர் படைத்த பாத்திரத்தை எடுத்து ரசிகர் தன் விருப்பப்படி திருப்பி எழுதுவதை உலகெங்கும் ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். நம் ஊரில் அதைப் பெரும்பாலும் பேனாவால் எழுதுவதில்லை, கைப்பேசியில் வெட்டி ஒட்டுகிறார்கள். முப்பது விநாடி எடிட்டும் ஒரு கதைதான். அதற்கும் நாயகன் உண்டு, முடிவு உண்டு. அந்தக் கதையில் என்ன நடக்கிறது என்று கவனிக்காமல் விட்டால் அதன் விளைவுகளைப் பள்ளிக்கூட வாசலில்தான் பார்ப்போம்.

வெட்டி எறியப்பட்டவர்கள்

படத்தில் ரத்னவேலுவின் வெறி எங்கே வெடிக்கிறது? ஒரு நாற்காலியில். காசிபுரம் தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மாமன்னன், ரத்னவேலுவின் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. மகன் அதிவீரன் ‘உட்காருங்கப்பா’ என்று வற்புறுத்தும்போதுதான் சண்டை தொடங்குகிறது. அதற்கும் முன்னால் ஒரு கிணறு இருக்கிறது. கோயில் கிணற்றில் குளித்தார்கள் என்பதற்காகச் சிறுவர்களைக் கல்லால் அடிக்கிறார்கள். அதிவீரன் பிழைக்கிறான், அவனுடைய நண்பர்கள் சாகிறார்கள். நியாயம் கேட்கப் போன மாமன்னனைக் கட்சிப் பெரியவரான ரத்னவேலுவின் அப்பா அடக்கி அனுப்பிவிடுகிறார்.

எடிட்டில் கிணறு இல்லை. செத்த பிள்ளைகள் இல்லை. நிற்க வைக்கப்பட்ட மாமன்னன் இல்லை. நாயும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனியாக நடந்துவரும் ஒரு மனிதன். யாரையும் மிதிக்காத கால் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். இந்த எடிட்டுகளில் புதிதாக ஒரு சட்டகமும் எடுக்கப்படவில்லை, ஒரு வசனமும் மாற்றப்படவில்லை. மனிதர்களை நீக்கியே அர்த்தத்தைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள்.

‘ஃபகத்தின் நடிப்புக்குத்தான் ரசிகர்கள் கைதட்டினார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. நடிப்புக்குக் கைதட்டச் சாதிப் பாட்டு எதற்கு?

இயக்குநர்மேலும் ஒரு கேள்வி எழுந்தது, அது நியாயமான கேள்வி. மாமன்னன் அடங்கி நிற்பவர், யோசித்து யோசித்துப் பேசுபவர். ரத்னவேலுவோ எதையாவது செய்துகொண்டே இருப்பவன். அடிக்கிறான், மிரட்டுகிறான், சூழ்ச்சி செய்கிறான். திரையில் செயல் யார் கையில் இருக்கிறதோ அவர் பின்னால் கண் போகும். தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு அவன் முகத்துக்கு அருகில் போய் நிற்கிறது. இதே மாரி செல்வராஜ் 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் படைத்த கொலைகாரக் கிழவரை நினைத்துப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்போலப் போய், சாதி மீறிக் காதலித்தவர்களைக் கொன்றுவிட்டு வருவார். ஒரு பஞ்ச் வசனம் கிடையாது. அந்தக் கிழவரை வைத்து ஒரு மாஸ் எடிட்டை நான் பார்த்ததில்லை. செய்யவும் முடியாது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கையில் சாகப்போகிறவரும் சட்டகத்துக்குள் இருக்கிறார்.

ஆனாலும் முழுப் பழியையும் படைப்பாளிமேல் போடுவது எனக்குச் சம்மதமில்லை. நாயைக் கொன்றவன் கெட்டவன் என்பதை இரண்டரை மணி நேரம் பார்த்துப் புரிந்துகொண்டவர்தான் எடிட் செய்ய உட்காருகிறார். தெரியாமல் செய்ததல்ல அது, தெரிந்தே தேர்ந்தெடுத்தது.

பதிலுக்குப் பதில்

இந்தக் கதை 2023இல் தொடங்கவில்லை. 1992 தீபாவளிக்கு ‘தேவர் மகன்’ வந்தது. கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கிய படம். வன்முறையை விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி முடிகிற கதை. அதன் ஒரு பாட்டு மட்டும் படத்திலிருந்து பிரிந்து தனியாக நடக்க ஆரம்பித்தது. அப்போது ஸ்மார்ட்போன் இல்லை, கேசட்டும் மைக்செட்டும் இருந்தன. திருவிழாவிலும் ஊர்வலத்திலும் அந்தப் பாட்டு ஒரு சாதியின் பெருமைப் பாட்டாக ஒலித்தது. எதிரே இருக்கும் தெருவைச் சீண்டுவதற்காகவே ஒலித்த இடங்களும் உண்டு. பாட்டை எழுதியவர் வாலி. இசையமைத்தவர் இளையராஜா, கோம்பைக்குப் பக்கத்து ஊரான பண்ணைப்புரத்தில் பிறந்தவர். பாட்டைப் படத்திலிருந்து பிய்த்தெடுத்தபோது படம் சொன்ன கடைசி வார்த்தை கீழே விழுந்துவிட்டது. ரீல்ஸ் வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் எடிட் இருந்தது.

அந்தப் படத்தில் வடிவேலுவுக்கு இசக்கி என்று ஒரு பாத்திரம். எசமானர்களின் சண்டையில் கையை இழக்கும் வேலைக்காரன். 2023 ஜூன் மாதம் நடந்த ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் மேடையில் இருக்கும்போதே, தன் படம் உருவாக ‘தேவர் மகன்’தான் காரணம் என்று மாரி செல்வராஜ் பேசினார். அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்றார். மாமன்னனாக நடித்ததும் அதே வடிவேலு. கையை இழந்தவர் கடைசியில் சட்டப்பேரவைத் தலைவரின் நாற்காலியில் உட்காருகிறார். நிஜத்தில் அந்த நாற்காலியில் 2012 முதல் 2021 வரை பட்டியல் சாதியைச் சேர்ந்த ப.தனபால் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தமிழ்நாடு மறந்திருக்காது.

ஆக, ‘மாமன்னன்’ படமே ஒரு ரசிகரின் பதில் கதை. சிறுவயதில் பார்த்த படம் மனசில் கிளப்பிய கேள்வியோடு வளர்ந்தவர், அதன் ஓரத்தில் நின்ற மனிதனை நடுவுக்குக் கொண்டுவந்து எழுதிய கதை. அந்தப் பதிலுக்கு எதிர்ப் பதிலாக வந்தவைதான் ரத்னவேலு எடிட்டுகள். நடுவுக்கு வந்தவரை மறுபடி ஓரத்துக்குத் தள்ளின. ஓரத்துக்குக்கூட அல்ல, சட்டகத்துக்கு வெளியே.

நந்தன் கதைக்குள் நுழைந்த வேதியர்

பழைய கதையை எடுத்துத் திருப்பி எழுதுவது தமிழில் மரியாதையான வேலை. அதில் சாதி வெறி கொண்ட வில்லனின் வரலாறும் நீண்டது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் கதை இருக்கிறது. ஆதனூர் நந்தன் தில்லைக்குப் போக ஏங்குகிறார், பிறப்பை நினைத்துத் தயங்குகிறார், நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாட்களைக் கடத்துகிறார். அவரைத் தடுக்கிற மனிதர் என்று அந்தக் கதையில் ஒருவரும் இல்லை. தடை காற்றில் இருக்கிறது, யார் கையிலும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ எழுதியபோது புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தார். நந்தனை அடிமையாக வைத்திருக்கும் வேதியர், நிலத்துக்குச் சொந்தக்காரர். சிதம்பரம் போக உத்தரவு கேட்டால் திட்டுவார். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்பார். மூலத்தில் இல்லாத இந்த வில்லன்தான் தமிழர் மனதில் நின்றான். 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்தில் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக வந்தார். 1942இல் ஜெமினி தயாரித்த படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனாராகப் பாடினார். இன்று நந்தன் என்றால் வேதியரின் அதட்டலும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

பாரதியார் செய்தது பெரிய காரியம் என்று நினைக்கிறேன். சாதி என்பது எங்கோ விதிக்கப்பட்ட ஒன்று என்று இருந்த கதையில், இல்லை, அதற்கு ஒரு கை இருக்கிறது, ஒரு வாய் இருக்கிறது, நில ஆவணம் இருக்கிறது என்று காட்டினார். சாதி வெறியனைக் கதைக்குள் கொண்டுவருவதன் பயன் அதுதான்.

ஆனால் அந்தக் கதையின் முடிவில் ஒரு சறுக்கலும் இருக்கிறது. சிவன் அருளால் ஒரே இரவில் வயல் விளைந்துவிடுகிறது. வேதியர் மிரண்டு, மனம் மாறி, நந்தன் காலில் விழுகிறார். வெறியருக்கு மன்னிப்பு கிடைத்துவிடுகிறது, அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது. நந்தனும் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிகிறது. இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தை எழுதியபோது அந்தத் தீயை அற்புதமாக ஏற்கவில்லை, மேல்சாதியினரின் சூழ்ச்சியாக எழுதினார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, தமிழில் அந்தத் தீயை வேறு எப்படி எழுத முடியும்?

இன்னொரு பக்கமும் உண்டு. புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ எழுதி, காலங்காலமாக அரக்கன் என்று சொல்லப்பட்டவனைத் தலைவனாக்கினார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. வில்லனை நாயகனாக்குவதே தவறு என்றால் இராவண காவியமும் தவறாகிவிடும். தோற்றவனின் பக்கம் நின்று, வென்றவர் எழுதிய கதையைக் கேள்வி கேட்டது அந்தக் காவியம். ரத்னவேலு எடிட் வென்றவர் பக்கமே நிற்கிறது, கேள்வி கேட்டவரின் வாயை அடைக்கிறது.

■ பெட்டிச் செய்தி: ஆர்ச்சியைப் பார்த்து யார் சிரித்தார்கள்?
1971 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடங்கியது. அதன் நாயகர் ஆர்ச்சி பங்கர் கறுப்பினத்தவர், யூதர், பெண்கள் என எல்லோரையும் இழித்துப் பேசும் வீட்டுப் பெரியவர். இனவெறியைக் கேலி செய்யவே தயாரிப்பாளர் நார்மன் லியர் அவரைப் படைத்தார். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்வையாளர்களிடம் விசாரித்து 1974இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாரபட்சம் குறைந்தவர்கள் அது ஆர்ச்சியைக் கேலி செய்யும் தொடர் என்றார்கள். பாரபட்சம் மிகுந்தவர்களோ ஆர்ச்சி சரியாகத்தான் பேசுகிறார் என்று ரசித்தார்கள். ஒரே காட்சி, இரண்டு தீர்ப்பு.

பசுமலைத்தேரியின் மாரிமுத்து

ரத்னவேலு மட்டும் இல்லை. சன் டிவியில் 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரனைக் கம்பம் பள்ளத்தாக்கில் அறியாத வீடு இருக்காது. அதில் நடித்த ஜி.மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். வருசநாட்டை அடுத்த பசுமலைத்தேரியில் பிறந்து, சென்னைக்குப் போய் உதவி இயக்குநராக உழைத்து, ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை இயக்கியவர். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகி ஜோவின் அப்பாவாக, தன் சாதிக்காரர்களின் வெறிக்கும் சொந்த மனசாட்சிக்கும் நடுவில் சிக்கிய மனிதராக அவர் நடித்தது தமிழ் சினிமாவின் நல்ல நடிப்புகளில் ஒன்று. கடைசிக் காட்சியில் இரண்டு தேநீர்க் கோப்பைகளுக்கு முன்னால் அவர் பேசுவதைப் பார்த்தால், வெறியை விட முடியாமலும் வைத்துக்கொள்ள முடியாமலும் தவிப்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

குணசேகரன் வேறு வகை. படித்த மருமகள்களை அடுக்களைக்குள் பூட்டி வைக்கும் ஆணாதிக்கவாதி. தொடரை இயக்கிய திருச்செல்வம் அவனை எதிர்க்கும் பெண்களைத்தான் கதையின் மையமாக வைத்தார். ஆனால் வீட்டுக்கு வீடு பரவியது ‘இந்தாம்மா ஏய்’ என்ற அதட்டல். மீம் ஆயிற்று, டெம்ப்ளேட் ஆயிற்று. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பால் இறந்தபோது தமிழ்நாடு நிஜமாகவே துக்கப்பட்டது, அந்த அன்பு அவருக்குத் தகும். என் வருத்தம் வேறு. மருமகள்கள் திருப்பிக் கொடுத்த பதில்கள் அந்த அளவுக்கு மீம் ஆகவில்லை. அதட்டல் மட்டும் கணவர்கள் வாயில் வேடிக்கையாகத் திரும்ப வந்தது, அதைக் கேட்டுச் சிரித்தாக வேண்டிய இடத்தில் மனைவிகள் இருந்தார்கள்.

தேனி மண்ணுக்கு இதைவிட நல்ல பாடமும் தெரியும். அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1987இல் ‘வேதம் புதிது’ எடுத்தார். சத்யராஜின் பாலுத் தேவரிடம், பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதி படித்து வாங்கிய பட்டமா என்று ஒரு சிறுவன் கேட்டுவிடுவான். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோலத் தடுமாறுவார் அந்தப் பெரிய மனிதர். அவரை மாற்ற ஒரு அற்புதமும் தேவைப்படவில்லை, ஒரு கேள்வி போதுமாக இருந்தது. மாறிய பிறகு அதற்கான விலையையும் அவரே கொடுத்தார். சாதிப் பெருமை உள்ள மனிதரை மீட்டு எழுத வேண்டும் என்றால் அப்படி எழுதலாம்.

■ பெட்டிச் செய்தி: மால்ஃபாயின் புதிய வாழ்க்கை
1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் நாவல்களில் டிரேகோ மால்ஃபாய், மந்திரவாதிகள் அல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களை ரத்தத்தைச் சொல்லி இழிவு செய்யும் பணக்காரப் பையன். ரசிகர்கள் எழுதிய கதைகளில் அவன் காதல் நாயகனானான். தன் வாசகியர் அவன்மேல் மயங்குவது கவலை தருவதாக ஜே.கே.ரௌலிங்கே எழுதினார். அவன் இழிவுபடுத்திய ஹெர்மியோனியோடு அவனைச் சேர்த்து வைக்கும் கதைகள் இணையத்தில் பெருகின. அவற்றில் புகழ்பெற்ற ஒன்றை சென்லின்யூ என்ற புனைபெயரில் எழுதியவர், பெயர்களையும் உலகத்தையும் மாற்றி 2025 செப்டம்பரில் ‘ஆல்கெமைஸ்டு’ என்ற நாவலாக வெளியிட்டார்.

வகுப்பறைக்குள்

2023 ஆகஸ்ட் 9. நெட்ஃபிளிக்ஸில் ‘மாமன்னன்’ வந்த 13ஆம் நாள். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் தன்னைச் சாதி சொல்லித் துன்புறுத்துவதாக அந்த மாணவர் பள்ளியில் புகார் செய்திருந்தார். ஒரு ரீல்ஸ் அரிவாளை எடுக்க வைத்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பையன்களின் கையில் அரிவாள் வருவதற்கு வெகு முன்பே, அரிவாள் பிடித்தவன்தான் ஆண்பிள்ளை என்ற கதை வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தக் கதையை ஒவ்வொரு நாளும் புதுப்பிப்பது யார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1989இல், இந்தப் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தபோது, போடியில் நடந்த சாதிக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில்தான் இப்போது கைப்பேசி இருக்கிறது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவது, பள்ளிக்குள் மாணவர்கள் கைப்பேசி பயன்படுத்தத் தடை, அறநெறி வகுப்பு என்று பல பரிந்துரைகள். 2019லேயே பள்ளிக் கல்வித் துறை கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கிய வரலாறு நமக்கு உண்டு. மணிக்கட்டில் இருக்கும் கயிற்றைப் பார்த்துவிடலாம், அவிழ்க்கச் சொல்லலாம். ஸ்டேட்டஸில் இருக்கும் ரத்னவேலுவை எந்தத் தலைமையாசிரியரும் அவிழ்க்க முடியாது. அது மாலை ஆறு மணிக்கு மேல், வீட்டில், பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே போடப்படுகிறது. பல வீடுகளில் பெற்றோரே அதற்கு முதல் லைக் போடுகிறார்கள்.

தடையால் இதைத் தீர்க்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. 2020 ஜூனில் டிக்டாக் தடையானது. அதில் ஓடிய சாதி வீடியோக்கள் அதோடு சாகவில்லை, வேறு செயலிக்கு வீடு மாறின.

பாதிக்கப்பட்டவர் அந்த ஸ்டேட்டஸைப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்த நண்பன், தன் அப்பாவை நிற்க வைத்துப் பேசும் ஒருவனை இரவில் நாயகனாகப் போடுகிறான். காலையில் வகுப்பில் இருவரும் சந்திக்க வேண்டும். ‘அது சும்மா படம்டா’ என்று அவன் சொல்லக்கூடும். இவனுக்கு அது படம் இல்லை.

எழுதுகிற கைகளுக்கு

இணையத் தமிழ் நாவல்களில் ‘ஆன்டி ஹீரோ’ கதைகளுக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. ஊரே நடுங்கும் பெரிய வீட்டுப் பிள்ளை, மிரட்டித் தாலி கட்டுவான், பிறகு காதலால் கனிவான். எழுதுபவர்களில் பெண்கள் அதிகம். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. கொடியவனும் ஒருநாள் மாறுவான் என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கிற கதைகள் அவை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அவனுக்குப் பின்கதை எழுதுங்கள், அழ வையுங்கள், மாற்றுங்கள். ஆனால் அவன் யாரை மிதித்தானோ அவரையும் அதே அத்தியாயத்தில் பேச விடுங்கள். அவனை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கதாசிரியர் அவர் சார்பில் மன்னித்துவிட வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. சந்துரு குழு சொன்ன அறநெறி வகுப்பு உங்கள் பள்ளிக்கு வந்தால், முதல் நாள் திருக்குறள் அதிகாரத்தோடு தொடங்க வேண்டாம். மாணவர்கள் பார்த்துப் பழகிய முப்பது விநாடி எடிட்டைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்து, அது வெட்டப்பட்ட முழுக் காட்சியைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனவர்கள் யார் என்று எழுதச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள், பதிலும் அவர்களுக்குத் தெரியும். காணாமல் போனவரின் பக்கம் நின்று அந்தக் காட்சியைத் திரும்ப எழுதச் சொல்லி, அந்தப் பதில்களைப் பள்ளி ஆண்டு மலரில் அச்சிடுங்கள்.